நடுவர் ஹிராய்வா கட்சி மாறினார்

மாவை மிதிக்கும்போதும் ஹிராய்வாவின் வலது கை சும்மா இருக்காது. விடிந்தும் விடியாத நேரத்தில், கடையின் பின்கட்டில், பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிய கோதுமை மாவின் மேல் காலுறையோடு ஏறி நின்று, குழந்தையைத் தூங்கவைக்கிறவர் மாதிரி அசைந்து அசைந்து மிதிப்பார். கை தன் பாட்டுக்குத் தொடையில் தட்டும். ஒன்று, இரண்டு. அதோடு நின்றுவிடும். குஸ்தியில் நடுவரின் மூன்றாவது தட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்துபோகுமே. “அதைச் சும்மா தட்டக் கூடாது” என்பார். கேட்டவர் சிரித்தால் அவர் சிரிக்கமாட்டார்.

சகாய்தே ஊரில் உதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. உதோன் கடையும் வைத்துக்கொண்டு குஸ்திக்கு நடுவராகவும் நிற்கிற ஆள் இவர் ஒருவர்தான். உள்கடல் மல்யுத்தக் குழு என்பது பெயரளவில் பெரிய குழு. ரிங்கைச் சுமக்க ஒரு பழைய லாரி, அலுவலகம் என்று ஓர் அறை, அந்த அறையிலும் பாதியை விற்காத பனியன் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும். அதில் ஹிராய்வா இருபதுகளில் நடுவராகச் சேர்ந்தார். இப்போது அறுபதை நெருங்குகிறார். குள்ளம். தொப்பை உண்டு. ஆனால் ரிங்குக்குள் ஒருவன் இன்னொருவனை மல்லாத்திவிட்டால், தோள் தரையில் படுகிறதா என்று பார்க்க இவர் வயிற்றில் சறுக்கி விழுகிற வேகத்தைப் பார்த்து இளவட்டங்களே வாய் பிளப்பார்கள். வீட்டில் டிவி ரிமோட் சோபாவுக்கு அடியில் போய்விட்டாலும் அதே சறுக்கல்தான். “முட்டி போட்டுத் தேடினா ஆகாதா உங்களுக்கு” என்று மனைவி கிமியோ தலையில் அடித்துக்கொள்வார்.

ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘தராசு’. வண்டியே வராத சாலையிலும் பச்சை விளக்குக்காக நிற்கிறவர். அவர் கடையில் யாரும் தட்டை எண்ணுவதில்லை. அது இந்தப் பக்கத்து வழக்கம்: நீங்களே நூடுல்ஸை வெந்நீரில் முக்கி எடுத்து, நீங்களே சாறு ஊற்றி, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவைப் பொறுக்கிப்போட்டுக்கொண்டு, சாப்பிட்டு முடித்துப் போகும்போது “சின்னது ஒண்ணு, தெம்புரா ரெண்டு” என்று நீங்களே சொல்லிவிட்டுக் காசு வைக்கவேண்டும். பொய் சொல்ல நினைத்தவனும் ஹிராய்வாவின் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவான். அப்படி ஒரு முகம் அது. குஸ்திக் குழுவுக்கு எப்படியோ தெரியாது, உதோன் கடைக்கு அது பெரிய முதலீடு.

இப்படிப்பட்ட மனுஷர்தான் போன வசந்தத்தில் கறுஞ்சுறாக்களோடு சேர்ந்துகொண்டார்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும். குழுவுக்குள் இரண்டு அணி. ஹயாமி தலைமையில் மூல அணி, நல்லவர்கள். எபினா தலைமையில் கறுஞ்சுறாக்கள், கெட்டவர்கள். எபினா முன்பு ஹயாமியின் ஜோடியாக இருந்தவன். ஒரு மழைக்கால ஆட்டத்தில், ஜெயித்த கையோடு கட்டிப்பிடிக்க வந்த ஹயாமியின் முதுகில் மடக்கு நாற்காலியை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போனான். இதெல்லாம் எங்கே எப்படி முடிவாகிறது என்று இந்த ஊரில் கேட்கும் பழக்கமில்லை. கேட்பவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே மனசாரக் கோபப்படுவது இங்கே ஒரு மரியாதை.

வந்த சிக்கல் என்னவென்றால் எபினாவின் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். பல்லில் கறுப்புப் பூசிக்கொண்டு உறுமினால் பெண்பிள்ளைகள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுறா பனியன் கேட்டு அடம் பிடித்தார்கள். வயதான பெண்கள் மூட்டை மூட்டையாக ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவனும் வாங்கிக்கொண்டு, முதுகு வளைத்து நன்றி சொல்லிவிட்டு, பிறகு உறுமினான். கோபம் இல்லாத இடத்தில் சண்டைக்கு என்ன வேலை. கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்தது.

குழுத் தலைவர் மியோஷி ஒருநாள் கடை சாத்துகிற நேரத்தில் எபினாவையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பழைய மல்லர். காது இரண்டும் நசுங்கிப் போனவர்.

“கெட்டவனை எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சுன்னா நல்லவன் எதுக்கு? இப்படியே போனா அடுத்த வருஷம் லாரிய வித்துடவேண்டியதுதான்.”

எபினா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் என்னங்க பண்றது. நாற்காலியால அடிச்சாக்கூட கைதட்டறாங்க.”

ஹிராய்வா நூடுல்ஸ் வடிகட்டியை உதறிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். “உன்னைத் திட்ட மாட்டாங்க. என்னைத் திட்டுவாங்க.”

எபினாவுக்குத்தான் முதலில் விளங்கியது. சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். “வேண்டாங்க, ஹிராய்வாசான். இத்தனை வருஷத்துப் பேரு. ஒருதடவை போச்சுன்னா திரும்ப வராது.”

“வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன். ஊறுகாயா போடறது?”

அப்படித்தான் அது நடந்தது. வசந்த ஆட்டத்தில் ஹயாமி எபினாவை மல்லாத்திப் போட்டு அழுத்தினான். ஹிராய்வா சறுக்கி விழுந்தார். ஒன்று. இரண்டு. கை உயர்ந்தது, அந்தரத்திலேயே நின்றது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ‘வலிக்கிறது’ என்பதுபோல முகத்தைச் சுளித்தார். ஹயாமி திகைத்து எழுந்து என்ன ஏது என்று கேட்பதற்குள் பின்னாலிருந்து எபினா அவனைச் சுருட்டித் தரையில் அழுத்தினான். இந்தமுறை ஹிராய்வாவின் கை மூன்று தட்டையும் மழை மாதிரி இறக்கியது. எழுந்து நின்று, நடுவருக்கான கோடு போட்ட சட்டையைக் கழற்றினார். உள்ளே கறுப்புச் சட்டை, நெஞ்சில் சுறா.

அரங்கம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பிறகு வெடித்தது. “உன் கடைப் பக்கம் தலைவச்சுப் படுத்தா என்னை என்னன்னு கேளுடா” என்று பஸ் ஓட்டுநர் ஒருவர் நரம்பு புடைக்கக் கத்தினார். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு அவரே வந்து பெரிய கிண்ணம் சாப்பிட்டார். எழுந்து போகும்போது, “தெம்புரா எத்தனைங்க?” என்று ஹிராய்வா கேட்டதற்கு, “சாப்பிட்டது மூணு. உங்க கணக்குப்படி ரெண்டுதானே?” என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து ஊருக்கு இதே விளையாட்டு. முடிவெட்டுகிறவர் அவருடைய ஒருபக்க மீசையை மட்டும் ஒதுக்கிவிட்டு, “முடிஞ்சது, எந்திரிங்க” என்றார். தபால்காரர் கடிதத்தைக் கொடுக்கிற மாதிரி நீட்டிப் பிடுங்கிக்கொண்டார். அரங்கத்தில் வயிறெரிந்து திட்டுவார்கள், வெளியே வந்தால் கிண்டலடிப்பார்கள். ஹிராய்வாவுக்கு உள்ளூரப் பெருமைதான். அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலி போதவில்லை.

ஒரே ஒருவர் இந்த விளையாட்டில் சேரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில் சலவைக் கடை வைத்திருக்கும் சுமியே.

சுமியேவுக்கு ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். எத்தனையோ வருஷமாக எல்லா ஆட்டத்துக்கும் முதல் வரிசையில் வந்து உட்காருவார். ஹிராய்வாவின் கோடு போட்ட சட்டையை அவர்தான் துவைத்து, கோடு கோட்டோடு சேரும்படி இஸ்திரி போட்டுக் கொடுப்பார். அப்பா இறந்தபின் உடன்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு இவரை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அதைப்பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. கிமியோவிடம் மட்டும் ஒருதடவை, பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார்: “எனக்கு யார் ஜெயிச்சாலும் ஒண்ணுதாங்க. உங்க வீட்டுக்காரர் கை நேரா விழுதே, அதைப் பாக்கத்தான் வர்றேன்.”

வசந்த ஆட்டத்தன்று சுமியே கத்தவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கத்துகிற கூட்டத்துக்கு நடுவே ஹிராய்வாவின் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் கறுப்புச் சட்டையை எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குப் போனார். சுமியே அதை விரித்துப் பார்த்தார். மடித்தார். நன்றாகத்தான் மடித்தார், ஓரம் ஓரத்தோடு சேர்த்து. பிறகு அவர் பக்கமே தள்ளிவைத்தார்.

“இதை எடுக்கறதில்லைங்க.”

“பின்னாடி அத்தனை கறுப்புக் கோட்டு தொங்குதே.”

“அது செத்தவங்களுக்காகப் போடறது. இது யாருக்காக?”

சுமியே குரலை உயர்த்தவில்லை. “நான் ஒண்ணும் பச்சைப்பிள்ளை இல்லைங்க, ஹிராய்வாசான். இது என்னன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சா வலிக்காதுன்னு யார் சொன்னது?”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘குழு பிழைக்கணும்னு நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் அவர் தொழில் சொல்லவிடாது. கெட்டவன் ஆனவன் எதற்காக ஆனான் என்று வெளியே விளக்கம் சொன்னால், திட்டின அத்தனை பேரையும் முட்டாளாக்கினதாக ஆகிவிடும். குஸ்திக்காரன் கல்யாணப் பந்தியில்கூட அந்த வரம்பைத் தாண்டமாட்டான். ஹிராய்வா சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதன்பிறகு வீட்டு மெஷினில் அவரே துவைத்தார். கறுப்பு சீக்கிரமே வெளுத்தது. மாவு வேறு எங்கே பட்டாலும் பளிச்சென்று தெரிந்தது.

சுமியே கடைக்கு வருவதை நிறுத்தினார். ஆட்டத்துக்கும் வரவில்லை. முதல் வரிசையில் அவர் இடம் காலியாக இருந்தது. மியோஷி அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்று ஹிராய்வா கேட்கவும் இல்லை.

கெட்டவராக இருப்பதும் லேசான காரியமாக இல்லை. எபினா மதிய நேரத்தில் கடைக்கு வந்து, கிண்ணம் கழுவிக் கொடுத்துக்கொண்டே அவருக்குப் பாடம் நடத்தினான்.

“காதுல கையைக் குவிச்சு, கூட்டத்தைப் பாத்து, ‘என்ன, கேக்கலையே’ன்னு நிக்கணுங்க.”

“அதான் நல்லா கேக்குதே. செவிடா நான்?”

“கேக்குதுங்க. கேக்காத மாதிரி நிக்கணும். அப்பத்தான் இன்னும் கத்துவாங்க.”

“அப்ப கத்தச் சொல்லிக் கேக்கறதுதானா இது?”

“அவ்வளவுதாங்க.”

கோடை ஆட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. கறுஞ்சுறாக்களின் முழக்கப் பாட்டோடு, கறுப்புச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ரிங்குக்குள் ஏறிய ஹிராய்வா, ஏறினதும் நாலு பக்கமும் திரும்பி முதுகு வளைத்து வணக்கம் வைத்துவிட்டார். முப்பது வருஷப் பழக்கம். கூட்டம் ஒரு நொடி விழித்தது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. எபினா உதடு அசையாமல், “கும்பிடாதீங்க, கும்பிடாதீங்க” என்று கெஞ்சினான். அதற்குள் மூன்று பக்கம் முடிந்திருந்தது. நாலாவது பக்கம் சுமியேவின் காலி இடம் இருக்கிற பக்கம். ஆரம்பித்ததைப் பாதியில் விடமுடியாமல் அங்கேயும் குனிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கிமியோ கேட்டார். “போய் ஒரு மன்னிப்புக் கேட்டாத்தான் என்ன?”

“எதுக்குன்னு கேக்கறது? எண்ணினதுக்கா, எண்ணாததுக்கா?” ஹிராய்வா சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். “மன்னிப்புக் கேட்டா அதுவும் ஒரு வேஷம்னு ஆயிடும். அவங்க திட்டினாங்கன்னா போதும். மத்தவங்க மாதிரி ஒருதடவை திட்டிட்டாங்கன்னா, இன்னும் நம்மளோடதான் இருக்காங்கன்னு அர்த்தம். பேசாம இருக்காங்களே, அதைத்தான் தாங்க முடியல.”

இலையுதிர்கால ஆட்டம் நெருங்கியபோது கிமியோ ஒரு நுழைவுச் சீட்டை எடுத்துக்கொண்டு தானே சலவைக் கடைக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கிமியோ இன்றுவரை சொன்னதில்லை. “பக்கத்துல நான் உக்காந்துக்கறேன், வாங்கன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல” என்பதோடு சரி.

அந்த ஆட்டத்தில் அரங்கம் பிதுங்கியது. பின்னால் நாற்காலி, முன்னால் பலகைத் தரையில் உட்காரச் சதுரப் பஞ்சுத் திண்டுகள். திண்டு கொண்டுவராதவர்கள் வாசலில் வாடகைக்கு வாங்கிக்கொண்டார்கள். ஹயாமி மறுபடியும் எபினாவோடு மோதுகிறான், பட்டத்துக்கு. நடுவர் ஹிராய்வா என்று அறிவித்ததுமே கூரை அதிர்ந்தது. இந்தமுறை அவர் யாருக்கும் குனியவில்லை. சுமியே முதல் வரிசையில், கிமியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரிங்கில் ஏறும்போதே ஹிராய்வா பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

ஆட்டம் நன்றாகவே போனது. கடைசியில் ஹயாமி எபினாவைத் தலைக்கு மேல் தூக்கி அறைந்து, மேலே படுத்து அழுத்தினான். “எண்ணு, எண்ணு” என்று ஊரே கத்தியது. ஹிராய்வா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து நிதானமாகக் கட்டினார். வசை பறந்தது. ஒருவழியாகப் படுத்து, ஒன்று என்று தட்டினார். தலையைச் சொறிந்தார். இரண்டு என்று தட்டினார். மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். கிழவர்கள்கூட எழுந்து நின்று கையை நீட்டித் திட்டினார்கள். கத்திக் கத்திக் குரல் உடைந்தவர்கள் காலால் தரையை உதைத்தார்கள்.

சுமியே அப்படியே இருந்தார். மடியில் கோத்த கை, தரையில் பார்வை.

ஹிராய்வா கயிற்றோரம் வந்தார். சுமியேவுக்கு நேர் எதிரே நின்றார். அங்கே போய் நிற்பதாகத் திட்டம் எதுவும் இல்லை. எபினா தரையில் கிடந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து, இவர் எங்கே போகிறார் என்று பார்த்தான். ஹிராய்வா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். காதில் கையைக் குவித்தார். கயிற்றின் மேல் சாய்ந்து, சுமியேவை நோக்கி, சுமியேவை மட்டும் நோக்கி, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

சுமியே தலையைத் தூக்கினார். பார்த்தார். ஹிராய்வா நகரவில்லை. சுற்றிலும் இருந்தவர்களுக்கு ஏதோ புரிந்தோ புரியாமலோ, அந்த மூலையில் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

சுமியே மெதுவாக எழுந்தார். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்தபோது வந்தது, சலவைக் கடையில் யாரும் கேட்டிராத ஒரு குரல்.

“ஏய் ஹிராய்வா. வெக்கமா இல்ல உனக்கு? மூணு எண்ணத் தெரியாதவன் என்னத்துக்குடா நடுவரா நிக்கிற?”

சொல்லி முடிப்பதற்குள் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த திண்டை உருவி, இரண்டு கையாலும் சுழற்றி எறிந்தார். அது கயிற்றுக்கு மேலாகப் பறந்து வந்து ஹிராய்வாவின் முகத்தில் சப்பென்று விழுந்தது. அவர் மல்லாந்து விழுந்தார். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி ஆர்ப்பரித்தது. நாலு திசையிலிருந்தும் திண்டுகள் பறந்தன. சுமியே இரண்டு கையையும் வாயருகே குவித்து, மூச்சு வாங்க வாங்க, இன்னும் ஏதேதோ திட்டிக்கொண்டிருந்தார். கிமியோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கெட்டவன் அந்தத் திண்டை எடுத்துக் கூட்டத்தின் மேல் திருப்பி எறியவேண்டும். இல்லை, காலால் எட்டி உதைக்கவேண்டும். எபினா தவழ்ந்து வந்து, “ஹிராய்வாசான், விடுங்க, நான் எறியறேன்” என்று கிசுகிசுத்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். ரிங்கின் நடுவில் மல்லாந்து கிடந்த ஹிராய்வா, ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டிருக்க, தன் முகம் யார் கண்ணிலும் பட்டுவிடாதபடி அந்தத் திண்டை இரண்டு கையாலும் இறுக்கி முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.